எட்டுக் குதிரைக்கு ஒரு முட்டுக்கட்டை

12-8-1943
சேலத்திலிருந்து உப்பு ஏற்றி வரும்போது தொப்பூர்க் கணவாயில் லாரி இன்றும் நின்றுவிட்டது. பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓட்டும் காஸ் தொட்டி மாட்டியதிலிருந்து இதே கதைதான். பச்சியப்பன் மச்சான் வழக்கம்போல் முட்டுக்கட்டையோடு பின்னால் நடந்து வந்தார். நின்றதும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். கட்டை வழுக்கி, வண்டி ஒரு முழம் உருண்டது. கண்ணாடியில் அவரைக் காணவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரி செல்லம்மாளுக்கு அவர் ஒரே அண்ணன்.

14-8
இன்ஜினின் மேல்மூடியை, அதாவது ஹெட்டை, கொஞ்சம் இழைத்தால் எட்டுக் குதிரைச் சக்தி கூடும் என்கிறார் சேலத்து மேஸ்திரி வெங்கடாசலம். கூடியதை எப்படி அளப்பது? நானே வழி கண்டேன். அதே ஏற்றம், அதே அளவு உப்பு மூட்டை. இன்று மழைத் தூறலில் ஏறி, நின்ற இடத்தில் பாறைமேல் சுண்ணாம்புக் கோடு போட்டோம். இரண்டாம் வளைவு.

29-8
ஹெட் இழைத்து வந்தது. நல்ல காரியமாயிற்றே என்று செல்லம்மாள் வத்தல்மலைக் கரியை வெயிலில் உலர்த்திச் சலித்துக் கொடுத்தாள். காஸ் வடிகட்டியை அலசினோம். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டோம். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உச்சிவரை ஒரே மூச்சு.

"எட்டுக் குதிரைக்கு முட்டுக்கட்டை எதுக்கு மாப்ளே?" என்று மச்சான் கட்டையை உச்சி டீக்கடை அடுப்பில் செருகிவிட்டார்.

3-9
விடாத மழை. கரி மூட்டை நனைந்துவிட்டது. பார்த்ததும் ஒன்று உறைத்தது. கோடு போட்ட அன்றும் ஈரக் கரிதானே? இழைத்தபின் ஓட்டியது காய்ந்த கரியில். அப்படியானால் மலை ஏற்றியது ஹெட்டா, கரியா? பெண் பார்க்கிற நாளில் பெண்ணைச் சிங்காரிப்பதுபோல லாரியைச் சிங்காரித்துவிட்டு, அன்றைக்கா அளப்பது!

மச்சானிடம் சொன்னேன். பயந்தாங்கொள்ளி என்றார். ஊரெல்லாம் எட்டுக் குதிரைப் பெருமை பேசியாகிவிட்டது, இனிக் கட்டை தூக்கினால் சிரிப்பார்களாம். நாளை மறுநாள் உப்பு லோடு.

4-9
செல்லம்மாளிடம் சொல்லிவிட்டேன். தான் சலித்த கரியா இத்தனையும் செய்தது என்று கேட்டாள். அப்புறம் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலமரத்துப் பக்கம் போனாள். இவள் அரிவாள் எடுத்தாலே எனக்குப் பயம்.

5-9
சேலத்துக்கு அவளும் வந்தாள். மடியில் புதுக் கட்டை, வேலமரம். திரும்புகையில் அடிவாரத்தில் இறங்கிக்கொண்டாள்.

"நீ நடக்கலீன்னா நான் நடக்கறேண்ணா. நீ சொகமா உள்ள உக்காந்துக்க."

மச்சான் முகம் கறுத்தது. கட்டையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போனார். அவளை ஓரமாக வரச் சொன்னார்.

ஈரக் கரி. இரண்டாம் வளைவு — கோடு — தாண்டியது. மேஸ்திரி சொன்னது நிஜந்தானோ? இன்னும் கொஞ்சம். இன்னும் — இருமியது. நின்றது. பின்னால் உருண்டது. பிரேக்கை மிதிக்கிறேன், பிடிக்கவே இல்லை. ஆத்தா, மச்சான் எங்கே, எந்தப் பக்கம்?

கடக்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. கட்டை பிடித்துக்கொண்டது.

இறங்கிப் பின்னால் ஓடினேன். மச்சான் சக்கரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. செல்லம்மாள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து, பாறையில் புதுக் கோடு இழுத்தாள். பழைய கோட்டுக்கு நாலு எட்டு மேலே. உச்சிக்கு வெகு கீழே. எட்டுக் குதிரை இல்லை, ஒன்றிருந்தால் அதிகம்.

20-9
நல்ல வெயில், காய்ந்த கரி. அடிவாரத்தில் நான் வாய் திறக்குமுன்பே மச்சான் கட்டையோடு இறங்கிவிட்டார்.