வண்டிக்குப் பாலிஷ் போடும்போது

ஏனுங்க,

நம் வசந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கொல்லங்கோட்டுக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். சோறும் தட்டைப்பயிற்றுக் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன.

அவள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து தினமும் அம்பாசிடரைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். பானெட் ஓரத்தில் பெயிண்ட் போய்ச் சிவப்பு பிரைமர் தெரிகிறது. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவுங்கள். பனியன் துணியில் கொஞ்சமாகப் பாலிஷ் தொட்டு, அழுத்தாமல் தேயுங்கள். ஓரங்களில் கை வைக்காதீர்கள். மினுங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

“அப்பாவும் வருவாருங்களா?” என்று ஆள்விட்டுக் கேட்டிருக்கிறாள். எனக்கும் அதே ஏக்கம்தானுங்க.

ராமாத்தாள்

கார் சாவி மாடத்தில் இருக்கிறது. திரும்பும்போது முன்சீட்டில் அவளும் குழந்தையும் உட்காரட்டும். எனக்குப் பின்சீட்டு போதும்.