அவருக்குத் தெரிந்த விலாசம்

ஆகஸ்ட் 8, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சி தெரியவில்லை. அம்மாவுக்கு மறுபடி முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஒன்பது மணிக்குச் சங்கம். பள்ளிக்கூடத்தில் கேட்பவர்களிடம் பெருமையாகச் ‘சங்கம்’ என்கிறேன். உண்மையில் நயினார் ஐயாவின் மல்லாட்டை மண்டியில், கடலை மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு அறை, இரண்டு பெஞ்சு. வீட்டு வாடகை கொடுக்க முடியாதவர்களுக்குச் சில மாதம் கைகொடுக்கிறோம். மனு எழுதுவதும் வீடு போய்ப் பார்ப்பதும் என் பங்கு.

இன்று மூன்று பேர். கை ஒடிந்த தையல்காரர். வண்டிமாடு செத்துப்போன ஒருவர். மசூதித் தெரு கதீஜா பீ, நாற்பது வயதிருக்கும், தனியாள், ஜாக்கெட் தைத்துப் பிழைப்பு.

வழக்கமான கேள்வி கேட்டேன். “வேற எடம் சல்லிசா கெடச்சா போவீங்களா?”

“மாட்டேன் டீச்சரம்மா.”

காரணம் சொல்லவில்லை. நயினார் ஐயா முகம் சுளித்தார். பக்கத்துக் கிராமம் சிங்கவரத்தில் அவருக்கே ஒரு அறை காலியாக இருக்கிறது, வாடகை இல்லாமல் தரத் தயார்.

மதியம் நோட்டுகள் திருத்தம். பாதிதான் முடிந்தது.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

பள்ளி விட்டதும் கதீஜாம்மா வீடு. ஒற்றை அறை. ஒழுகும் மூலையில் அலுமினியக் குண்டான். கதவு மட்டும் நன்றாகத் துடைத்து, எண்ணெய் பூசி.

புருஷன் ரங்கூனில். “டீக்கடை வெச்சிருந்தாரு. கடையெல்லாம் அந்த சர்க்கார் எடுத்துகிச்சாம். கப்பல்ல எடம் கெடச்சா வரேன்னு ஒரு காயிதம் போட்டாரு. அதோட சரி. ஒண்ணேகால் வருஷம் ஆவுது.”

சிங்கவரத்து அறையைப் பற்றிச் சொன்னேன்.

“அவருக்கு இந்த வீடுதான் தெரியும். நான் பூட்டிட்டுப் போய்ட்டா, வந்து நின்னு இன்னா பண்ணுவாரு?”

“பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போலாமே.”

“அவங்களும் வாடகைக்குத்தான இருக்கறாங்க.”

கொடுத்த டீயைக் குடிக்க மறந்து, ஆறிப்போய், அவர் பார்க்கிறார் என்று ஒரே மடக்கில்.

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டு. திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தம்பி ராஜு அதில் இருப்பானா என்று. அவன் வீட்டை விட்டுப் போன எட்டு வருஷமாகவே இந்தப் பழக்கம், விட முடியவில்லை.

ஆகஸ்ட் 11, புதன்

வெயில். தைலம் வாங்கியாயிற்று. நீலச் சோப்பு மறந்தது.

தபால்காரரிடம் கதீஜாம்மா விஷயம் கேட்டேன். “லெட்டர் வந்தா சிங்கவரத்துக்கே கொண்டாந்து குடுத்துடலாம் டீச்சர். ஆளே வந்து நின்னா?”

நாள் முழுக்க மனசு எங்கள் பழைய திண்டிவனம் வீட்டில். ராஜுவுக்கு அப்போது பத்தொன்பது. பரீட்சையில் தவறினான். பெற்ற பிள்ளை என்றும் பாராமல் நைனா செம்பைத் தூக்கி எறிந்தார், புருவத்தில் பட்டது. “இனிமே இந்த வாசப்படி மிதிக்காத.” போனவன் போனவன்தான். ரெண்டு வருஷம் கழித்து நைனா செத்தார். மறுமாதம் எனக்குச் செஞ்சிக்கு மாற்றல். வண்டியில் சாமான் ஏற்றியாகிவிட்டது, அம்மா வாசலை விட்டு நகரவில்லை. நான்தான் அதட்டினேன், நேரமாகிறது ஏறு என்று.

புது விலாசத்தை அங்கே யாரிடமும் கொடுக்கவில்லை. தோன்றவே இல்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று?

ஆகஸ்ட் 15, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயக்கம், காலையில் சாப்பிடவில்லையாம்.

அங்கிருந்து சங்கம். நயினார் ஐயா கோபமாக இருந்தார். “சும்மா வீடு தரேன், வேணாம்னா இன்னா டீச்சர் அர்த்தம்? எத்தினி பேரு காத்துகினு இருக்கறாங்க.”

கதீஜாம்மாவுக்காகப் பேச வாயைத் திறந்தேன். ராஜுவைப் பற்றி வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்த ஆறு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. தையல்காரர் வேறு உட்கார்ந்திருந்தார். வெட்கம்.

நயினார் ஐயா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். “ஒங்களுக்குத் தம்பி இருக்கறதே எனக்குத் தெரியாதே.” பிறகு, “ஆள் வர்ற வரைக்கும் அந்தம்மா அங்கயே இருக்கட்டும். வீட்டுக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்.”

நேரே மசூதித் தெரு. விஷயத்தைச் சொன்னேன், நயினார் ஐயா எதனால் சம்மதித்தார் என்பதையும். கதீஜாம்மா அழவில்லை. “ஒக்காருங்க” என்று சேமியா கிண்டினார். சர்க்கரை அதிகம். கிளம்பும்போது கேட்டார்:

“ஒங்க தம்பிக்குத் தெரிஞ்ச வீட்டுல இப்ப யாரு இருக்கறாங்க டீச்சரம்மா?”

ஆகஸ்ட் 22, ஞாயிறு

திண்டிவனம் போய் வந்தேன். அம்மாவிடம் பள்ளி வேலை என்று பொய். பஸ்ஸில் ஒரு கூடைக் கோழி, மடியில் என் பை, பையில் எங்கள் செஞ்சி விலாசம் எழுதிய நாலு தாள்.

கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முருங்கை மரம் இல்லை. என் வயதுப் பெண் ஒருத்தி முறத்தோடு வந்தாள். முன்னே இங்கே குடியிருந்தோம், ராஜு என்று ஒருத்தர் தேடி வந்தால் இதைக் கொடுங்கள் என்றேன்.

தாளை வாங்காமல் என்னையே பார்த்தாள். “ஒசரமா? புருவத்துல வெட்டு இருக்குமே?”

ஆமாம், அவன்தான் என்றேன்.

“வந்தாருங்க. ரெண்டு வருஷம் இருக்கும். அம்மா இருக்கறாங்களான்னாரு. நாங்க புதுசு, ஒண்ணும் தெரியாதுன்னுட்டோம். தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டு இங்கதான் செத்த நேரம் நின்னாரு. போய்ட்டாரு.”

“எந்த ஊருன்னு…”

“கேக்கலியேங்க.” வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தாளை உள்ளே கொண்டுபோய் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். எதிர் வீட்டில் ஒன்று, மூலைக் கடையில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒன்று கொடுத்தேன்.

தீவனூர் தாண்டியதும் மழை. ஜன்னலை மூடச் சொன்னார்கள். மூடவில்லை.

அம்மாவிடம் சொல்வதாக இல்லை. தட்டு வைத்து எதிரில் வந்து உட்கார்ந்தாள், சொல்லிவிட்டேன். தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அப்புறம், “ஒடம்பு எப்டி இருந்திச்சாம்?”

“நல்லாத்தான் இருந்தானாம்.”

“சோறு போட்டாங்களாமா?”

“போட்டாங்களாம்மா. ரசம், அப்பளம். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்டானாம்” என்றேன்.