வதிவிடம் பாரிஸ்

9 செப்டெம்பர் 2025, செவ்வாய்

மகள் மிருணாளினியைக் கூட்டிக்கொண்டு, பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிற சென் தெனி பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் நல்ல மாதிரி. வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், இந்த நாட்டுப் பிள்ளைக்கு ஒரு கட்டணம். முதலாவது பல மடங்கு. தாயோ தகப்பனோ இரண்டு வருஷமாக இங்கே வசித்து வரி காட்டியிருந்தால் பிள்ளைக்கும் இந்த நாட்டுக் கட்டணம்தானாம். அப்படி யாரும் இருக்கிறார்களா என்று மகளைக் கேட்டாள். மகள் என் பக்கம் திரும்பாமலே இல்லை என்றாள்.

பக்கத்தில் நிற்கிற இவர் யார் என்றதற்கு, தங்க இடம் கொடுத்தவர், அப்பாவின் கூட்டாளி என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். பத்தொன்பது வயதில் என்ன சுத்தமாகப் பொய் சொல்கிறாள்!



10 செப்டெம்பர்

தகப்பன் இங்கே வசிக்கிறான் என்று நவம்பர் பதினைந்துக்குள் கடதாசி கொடுக்காவிட்டால் முழுக் கட்டணம். என்னால் முடியாது. இடம் போகும், இடம் போனால் விசாவும் போகும். பிள்ளை ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

14 செப்டெம்பர், ஞாயிறு

இந்தக் கொப்பியிலாவது உள்ளதை எழுதுவோம். நான் தவரத்தினம். மகளின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரும் அதுதான். இந்த நாட்டுக் கடதாசி எல்லாவற்றிலும் நான் புவனேந்திரன்.

புவனேந்திரன் வன்னியில் என்னோடு ஒரே பங்கரில் இருந்தவன். 2000இல் செத்துப்போனான். அவனுடைய பை என் கையில் மிஞ்சியது, அதற்குள் அவனுடைய பிறப்புப் பத்திரம். ஏழு வருஷம் கழித்து, என் பெயர் தேடப்படும் பெயராக இருந்தபோது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அந்தப் பத்திரத்தை வைத்துத்தான் பாஸ்போட் எடுத்துத் தந்தான்.

இங்கே வந்து லெஜியோனில் சேர்ந்தேன். அந்நிய நாட்டுக்காரரைப் பிரெஞ்சு இராணுவத்தில் சேர்க்கிற படை. அங்கே யாரும் பழசைக் கிண்டமாட்டார்கள். கலியாணம் முடித்தவனையும் பிரமச்சாரி என்றே பதிவார்கள், அது அவர்கள் வழக்கம். மனைவி யோகராணியும் ஒரு வயதுப் பிள்ளையும் ஊரில் இருக்க, ஒரே கையெழுத்தில் இரண்டு பேரும் கடதாசியில் இல்லாமற்போனார்கள். ஒரு வருஷம் போனதும் உண்மைப் பெயரைச் சொல்லித் திருத்தலாம். எத்தனையோ பேர் திருத்தினார்கள். எட்டு வருஷம் இருந்தும் நான் திருத்தவில்லை.

ஏனப்பா என்று மகள் இன்று கேட்டாள். பால் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். பால் வீட்டில் இருந்தது.

18 செப்டெம்பர்

பழைய படைவீரர் சங்கத்தில் பெர்னாரைப் பார்த்தேன். முன்பு படையில் எனக்கு மேலே கோப்ரலாக இருந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். பொய்ப் பெயர் லெஜியோனுக்குப் புதிதில்லை, எட்டு வருஷம் இரத்தம் சிந்தியவனை இதற்காகத் துரத்தமாட்டார்கள் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். ஆனால் நீ கொடுத்தது உண்மையான ஒருவனின் பத்திரம், நீ அவனில்லை என்றால் அவன் எங்கே என்று கேட்பார்கள். அவன் இறந்துவிட்டான் என்று அவனுடைய வீட்டாரே சத்தியக் கடதாசி தரவேண்டும். அது வந்தால் பெயர் திருத்தும் விண்ணப்பத்தை ஏற்பார்கள், ஏற்ற கடிதத்தைக் காட்டினால் பல்கலைக்கழகத்துக்கும் போதும் என்றார்.

வீட்டார் என்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தாய் மட்டும் என்றேன்.

27 செப்டெம்பர்

இன்று வேலையில் புவன் என்று கூப்பிட்டார்கள். எனக்குள் இருக்கிற அவன்தான் முதலில் திரும்பினான். பிறகுதான் நான்.

28 செப்டெம்பர், ஞாயிறு

புவனேந்திரனின் அம்மா பெயர் நாகேஸ்வரி. நெடுங்கேணியில் தனியாக இருக்கிறார். மகன் செத்த செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

2016இல், பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலில், ஊருக்குப் பொதி அனுப்புகிற கார்கோ கடையில் அவருக்கு ஒரு பெட்டி போட்டேன். போர்வை, பால்மா, வலி எண்ணெய். கடைக்காரன் அனுப்புபவர் பெயரை என் அடையாளக் கார்த்தைப் பார்த்து எழுதினான். புவனேந்திரன், பாரிஸ். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு, என்ரை மண்டைக்கு, அது ஏன் ஏறவில்லை?

மூன்று மாதத்தில் ஊரிலிருந்து ஒரு பொதி வந்தது. வறுத்து இடித்த மிளகாய்த்தூள். மேலே ‘என்ரை பிள்ளைக்கு’ என்று எழுதியிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த பெட்டியும் போட்டேன். மகன் ஏன் கதைக்கிறானில்லை என்பதற்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து, அடுத்த பொதியில் வைத்த கடிதத்தில் எழுதியிருந்தார். பயமாம், போனை ஒட்டுக்கேட்பார்களாம். ஒன்பது வருஷமாக அந்தத் தூளில்தான் எனக்குக் கறி.

4 ஒக்ரோபர்

மகளுக்குச் சொன்னேன். ஏன் பெயரைத் திருத்தவில்லை என்று.

அன்று ஷெல் விழுந்ததும் நான் ஓடினேன். பின்னால் புவனேந்திரன் விழுந்து கிடந்தான். தவம், தவம் என்று இரண்டு முறை கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. கேட்கவில்லை என்று இல்லை. கேட்டது. இப்பவும் கேக்குது. என் பெயரை யார் கூப்பிட்டாலும் அவன் குரல்தான். ஊரில் யோகராணி கூப்பிட்டால்கூட. பாரிஸில் அந்தப் பெயரால் கூப்பிட ஒருவரும் இருக்கவில்லை, அது எனக்கு வசதியாயிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

நாகேஸ்வரி அம்மாவிடம் கடதாசி கேட்கவேண்டியதையும் சொன்னேன். மகள், “நான் திரும்பிப் போறன் அப்பா. அந்த அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ” என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

5 ஒக்ரோபர், ஞாயிறு

காலையில், பொதியில் எழுதியிருந்த இலக்கத்துக்கு, நாகேஸ்வரி அம்மாவுக்குப் போன் எடுத்தேன். முதலில், “ஆர், தம்பியோ?” என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நான் தவரத்தினம் என்றேன். புவனேந்திரன் செத்ததையும், அவன் பெயரில் நான் இருப்பதையும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் கோழி கத்துவது மட்டும் கேட்டது.

“அப்ப இந்தப் பெட்டியள் எல்லாம் நீ போட்டதோ?”

“ஓம் அம்மா.”

“நோகாமல் போனவனோ?”

ஓம் என்றேன். உடனேயே போய்விட்டான், ஒரு சத்தமும் இல்லை என்றேன்.

பிறகுதான் மகளின் விஷயத்தைச் சொன்னேன். என்ன மனிதன் நான்! ஒரு தாயிடம் மகன் செத்ததைச் சொன்ன வாயால் கடதாசியும் கேட்டேன்.

“பிள்ளையின்ரை பேர் என்ன?” என்று கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார்.

13 ஒக்ரோபர்

ஒரு செய்தியும் இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

22 ஒக்ரோபர்

சத்தியக் கடதாசி வந்துவிட்டது. சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்திருக்கிறார். மகன் 2000ஆம் ஆண்டு இறந்தான் என்று சரியாகவே எழுதியிருக்கிறது. கையெழுத்துத்தான் கோணலாகப் போயிருக்கிறது.

பெர்னாரிடம் கொடுத்தேன். ஒருமுறை என் தோளைத் தட்டினார்.

31 ஒக்ரோபர்

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட கடிதம் கிடைத்தது, அதைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தோம். அதே பெண். மிருணாளினிக்கு இந்த நாட்டுக் கட்டணம். இவர் யார் என்று அவள் கேட்கவில்லை, மகள் தானாகவே என் அப்பா என்று சொன்னாள்.

4 நவம்பர், செவ்வாய்

ஊரில் இன்று புவனேந்திரனுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை. ஆம், நான் போன் எடுத்த நாளிலிருந்து அவனுடைய அம்மா எண்ணியிருக்கிறார்.

நேற்று நாகேஸ்வரி அம்மா பக்கத்து வீட்டுப் போனில் மரண அறிவித்தல் ஒன்று அனுப்பியிருந்தார். ‘உங்கை கடைச் சுவரில ஒட்டுவினமாம், ஒட்டிவிடு’ என்று மட்டும் சொல்லியிருந்தார். அச்சடித்து, இன்று நானே ஒட்டினேன். லா ஷப்பலில் ஆறு கடைகள்.

‘நெடுங்கேணியைப் பிறப்பிடமாகவும் பிரான்ஸ் பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட கந்தையா புவனேந்திரன் அவர்கள் 05.10.2025 ஞாயிற்றுக்கிழமை காலமானார்.’

அவனுடைய பள்ளிக்கூடத்துப் படம். இங்கே ஒரு நாளும் வசிக்காதவன். கீழே, தொடர்புகளுக்கு: தவரத்தினம் (நண்பர்), பிரான்ஸ். என்னுடைய இலக்கம்.

நண்பர் என்று அவரே போட்டிருக்கிறார்.

பின்னேரம் போன் வந்தது. பாரிஸுக்குப் பக்கத்து ஊரான திரான்சியிலிருந்து யாரோ ஒருவர், நெடுங்கேணிக்காரர், புவனேந்திரனோடு படித்தவராம். இத்தனை வருஷம் இஞ்சை இருந்தும் காணவில்லையே என்று வருத்தப்பட்டார்.

“நீங்கள் தவரத்தினம் அண்ணையோ?”

ஓம், நான்தான் என்றேன்.

எப்படி நடந்தது என்று கேட்டார். அவன் என்னை இரண்டு முறை கூப்பிட்டதிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.