நோலாவின் புல்தரை

4 மார்ச் 1972, சனி

இன்று என் கடைசிப் பந்து உருண்டு போய் இலக்காக வைத்திருந்த அந்தச் சின்ன வெள்ளைக் குண்டை முத்தமிட்டு நின்றபோது, பசிபிக் பெருங்கடல் அலையடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. புல்தரையில் பந்துருட்டும் வாரிகல் விரிகுடா பவுல்ஸ் கிளப்பின் தலைவர் கிளாரன்ஸ் ஹாஸ்கெட் என்றால் சும்மாவா! பக்கவாசல் வழியாகத் தேநீர்த் தட்டோடு வந்த என் மனைவி நோலா பந்தைப் பார்த்தாள். "காத்து தள்ளிவிட்டிருக்கு" என்றாள்.

அவள் என்னைவிட ஆயிரம் மடங்கு நன்றாக உருட்டுவாள். இந்தக் குறிப்பேட்டிலேயே மிகைப்படுத்தாத வாக்கியம் இது ஒன்றுதான். ஆனால் பெண்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலை மட்டும், அதுவும் கீழ்ப்புல்தரையில் மட்டும். விதி.

20 மார்ச், திங்கள்

என் தங்கை மகள் பிலிப்பா, எங்களுக்குப் பிப், பெண் விடுதலை பற்றி எழுதிய புத்தகம் சிட்னியிலிருந்து தபாலில் வந்தது. பெண்கள் இதைப் படித்துவிட்டுப் பேருந்தில் அழுகிறார்களாம், வேலையை விடுகிறார்களாம், வேலைக்குப் போகிறார்களாம். ஒரு பாதிரியார் மேடையில் அதைக் கிழித்தாராம். அந்த வாரமே புத்தகம் தீர்ந்துபோனதாம்.

நோலா எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பில் ஆட்டிறைச்சி கரிந்தது. நாகரிகம் அழிந்தது. ரொட்டியும் ஜாமும் தின்றேன்.

19 ஏப்ரல், புதன்

நிர்வாகக் குழுக் கூட்டம். செயலாளர் மெர்வ் டான்ஸ்லி எழுந்து, கீழ்ப்புல்தரையைத் தோண்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்றான். "பொம்பளைங்க வாரத்துல ஒரு காலைல உருட்டறதுக்கு ஒரு முழுத் தரையா? நம்ம வண்டியெல்லாம் வெயில்ல வேகுதுய்யா!"

கைகள் உயர்ந்தன. என் கையும் பாதி உயர்ந்தது. முழுச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து நோலாவிடம் சொன்னேன்.

"நீ கையைத் தூக்கினியா?"

"காதைச் சொறிஞ்சேன்."

"எந்தக் காது?"

அவள் கெட்டிலை இறக்கிவைத்தாள், மெதுவாக. "அந்தத் தரையில ஒவ்வொரு களையும் நாங்க பிடுங்கினது, கிளாரி. எங்களுக்குக் கிளப்புல ஓட்டுன்னு ஒண்ணு இருந்தா அவன் வாயைத் திறந்திருப்பானா?"

திறந்திருக்க மாட்டான்.

13 மே, சனி

பிப் வந்தாள். கிளப் கூடத்தை அவளுக்குக் கொடுக்க மாட்டோம் என்று குழு சொல்லிவிட்டது. அவள் கீழ்ப்புல்தரையிலேயே நின்று பேசினாள். கேட்க வந்த பெண்களின் வரிசை பெர்த் வரை நீண்டது. சரி, மழைத்தொட்டி வரை. உலகத்து ஆண்களின் உறக்கத்தைக் கெடுத்தவள் பழைய கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு, காற்றில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். நான் தரையைச் சமன்செய்யும் உருளை வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் — தற்செயலாக.

"நீங்களா ஆசைப்பட்டுத் தேநீர் கொடுத்தா அது அன்பு," என்றாள். "கொடுத்தே ஆகணும்னா அது வேலை. கூலியும் இல்லாத, ஓட்டும் இல்லாத வேலை."

நோலா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் புல்மேல் வைத்தாள்.

வீட்டில் சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் துடைக்கும் துணியைப் பிப் என் கையில் திணித்தாள்.

"மாமா, முழு உறுப்பினர் ஒருத்தர் முன்மொழிஞ்சாதான் ஓட்டுரிமைத் தீர்மானமே வருமாமே?"

"தலைவர் முன்மொழியக் கூடாதும்மா. நாற்காலியில இருக்கறவன் நடுநிலை."

"அப்ப எழுந்திருங்க."

"நான் நல்லவன்னு ஊருக்கே தெரியும், பிப்!"

"நல்லவரா இருங்க, யாரு வேணாம்னா? அத்தைக்கு வேண்டியது ஓட்டு."

14 மே, ஞாயிறு

கிளப்புக்குப் போய் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல நாற்காலி.

25 ஜூன், ஞாயிறு

ஆண்டுக் கூட்டம். எழுந்தேன். தலைவர் பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். முடிதுறந்த மன்னர்கள் எல்லோரும் என் பின்னால் வரிசையாக நின்றதுபோல் இருந்தது. தொண்டையிலிருந்து தவளைச் சத்தம்தான் வந்தது. "பெண்களுக்கு ஓட்டு. முழு உறுப்பினர் உரிமை. முன்மொழியறேன்."

வழிமொழிய ஆள் இல்லை. பிறகு கசாப்புக்கடை கார்மடி எழுந்தான். "நான் வழிமொழியறேன். எங்க வீட்லயும் அந்தப் புத்தகம் வந்துடுச்சுய்யா."

சிரித்தார்கள். தோற்கடித்தார்கள். நம் பக்கம் சில கைகள், எதிரே காடு. என் நாற்காலியில் மெர்வ் உட்கார்ந்தான். வசந்தம் பிறந்ததும் தோண்டுவார்களாம்.

வெளியே பக்கவாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். நோலா என் வெறும் சட்டைமார்பைப் பார்த்தாள். காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"தோத்துட்டேன், நோலா."

"ஆட்டம் முடியலையே."

5 ஆகஸ்ட், சனி

வரலாற்றில் இன்று! தெற்குக் கடற்கரைக் கிளப்புகள் பேருந்து நிறைய வந்தன. போட்டி நடந்தது. தேநீர் நேரம் வந்தது. தேநீர் வரவில்லை.

எங்கள் பெண்களில் ஒருத்தியும் வரவில்லை. ஏற்பாடு செய்ய வேண்டும் என்றே எந்த ஆணுக்கும் தோன்றவில்லை. ஐம்பது வருஷமாக மழைபோலத் தானாக வந்ததல்லவா!

மெர்வ் வெந்நீர் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். "யோவ் கிளாரி, இந்தச் சனியனை எப்படிய்யா பத்தவைக்கிறது?"

"எனக்கென்ன தெரியும் தலைவரே? நான் சாதாரண உறுப்பினன்."

விருந்தாளித் தலைவர், பாவம், பெரிய மனிதர், உலர்ந்த பிஸ்கட்டைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். "எங்க ஊர்ல போன வருஷமே பொம்பளைங்களுக்கு ஓட்டு கொடுத்துட்டோம்," என்றார் மெர்விடம். "ஒண்ணும் குடிமுழுகலை. இப்படியே இருந்தா அடுத்த தடவை நாங்க வர்றதாயில்ல."

நோலா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவே இல்லை. எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம்!

17 செப்டம்பர், ஞாயிறு

சிறப்புக் கூட்டம். அதே தீர்மானத்தை மறுபடி நான். குரலில் தவளை இல்லை.

வழிமொழிந்தது யார்? மெர்வ்! நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு. "என்னை அப்படிப் பார்க்காதீங்கய்யா. ஆகஸ்டுலேருந்து வீட்ல டப்பா மீன்தான். அதோட... என் வீட்டுக்காரி பெரில் என்னைவிட நல்லாத்தான் ஆடறா. சொல்லிட்டேன், போதுமா?"

நிறைவேறியது. தோண்டும் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிப்புக்குத் தந்தி அடித்தேன்: உட்கார்ந்திருந்தவன் எழுந்ததால் உலகம் அசைந்தது.

பதில் வந்தது: கொஞ்சம்தான், மாமா. இன்னும் இருக்கிறது.

4 நவம்பர், சனி

நாற்காலி திரும்ப வரவில்லை. மெர்வே வைத்துக்கொள்ளட்டும். இன்று தேநீர் முறை எனக்கும் கார்மடிக்கும். அண்டா இப்போது எனக்கு நாய்க்குட்டிபோல அடங்கும். நான் சுட்ட ஸ்கோன் ரொட்டிகளால் துறைமுகச் சுவர் கட்டலாம்.

தட்டோடு கீழ்ப்புல்தரைக்கு இறங்கினேன். சனிக்கிழமை, இறுதியாட்டம், வெள்ளை உடையில் நோலா. அவளுடைய கடைசிப் பந்து நிதானமாக வளைந்து போய் அந்த வெள்ளைக் குண்டை ஒட்டி நின்றது. கூட்டம் எழுந்துவிட்டது. அவள் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

"காத்து தள்ளிவிட்டிருக்கு" என்றேன்.

ஒரு இலைகூட அசையவில்லை. அவளுக்கு முதல் கோப்பையை ஊற்றினேன்.