உப்புப் பார்க்காத குழம்பு

தமிழ்வாணிக்கு, தமாமிலிருந்து சிவபாண்டி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

நேற்று எங்கள் ரூமில் கோழிக்குழம்பு. எட்டுப் பேருக்கும் காதர்தான் சமைத்தான். கொதி வந்ததும் கரண்டியோடு என்னிடம் வந்து, "அண்ணே, நான் நோன்பு. உப்பு பாத்துச் சொல்லுங்க" என்று உள்ளங்கையில் ஊற்றினான். உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் உன் நினைப்பு வந்துவிட்டது.

நான் கிளம்பிய சனிக்கிழமை, என் பயணத்துக்காக நீ பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்தாய். அது தெரிந்தும் திருமங்கலத்தில் நாட்டுக்கோழி வாங்கி வந்து குழம்பு வைக்கச் சொன்னேன். உப்பில்லை என்றதும், "இம்புட்டு வருசமாகியும் கைப்பக்குவம் வரலையே" என்று உன் அண்ணன் முன்னால் தட்டைத் தள்ளினேன். நீ உப்பு ஜாடியை எடுத்து வந்து வைத்தாய். விரதம் இருப்பவள் உப்புப் பார்க்க முடியாது என்பது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது.

குழம்புப் பொடி அரைத்தால் கொஞ்சம் கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பொங்கலுக்கு வருகிறேன். குழம்பு கொதிக்கும்போது என்னை அடுப்படிக்குக் கூப்பிடு. கை நீட்டுகிறேன்.

சிவபாண்டி