பூஜ்யம் என்று எழுத மாட்டேன்

அன்பு மச்சான் சேகருக்கு,

திருநின்றவூரில் ரயில் ஏறியதும் இன்னும் பையை வைத்து உனக்கு இடம் போட்டுவிடுகிறேன். நீ ஏறிக்கொண்டிருந்த ஆவடி தாண்டியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். இன்றும் அப்படித்தான்.

நம் சர்க்கரைப் புண் வேலை முடியும் நிலைக்கு வந்துவிட்டது. அந்தப் புது மருந்து பற்றிய சின்னச் சின்ன ஆய்வுகளைச் சேர்த்து ஒரே விடை காணத்தானே இறங்கினோம்? ஒவ்வோர் ஆய்விலும் பலன் வேறு வேறாக இருக்கிறது. அதில் எவ்வளவு தற்செயல், எவ்வளவு நிஜ வேறுபாடு? அதை எந்தச் சூத்திரத்தால் மதிப்பிடுவது என்பதில்தான் இப்போது சண்டை.

மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் பழைய சூத்திரத்தில் நிஜ வேறுபாடு பூஜ்யம், எல்லா ஆய்விலும் பலன் ஒன்றே என்று வருகிறது. உடனே நம்பக இடைவெளி, அதாவது உண்மைப் பலன் இருக்கக்கூடிய எல்லை, சுருங்கி, மருந்து கேட்கிறது என்று சொல்லிவிடலாம். தரவைத் திறக்கும் முன்பே நீ திட்டத்தில் எழுதிய ஆர்.இ.எம்.எல். என்ற இன்னொரு மதிப்பீட்டு முறையில் பூஜ்யம் வரவில்லை. இடைவெளி அகலமாகி, பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிறது.

"பழசையே போட்டுடுங்க, எல்லாரும் அதைத்தானே போடுறாங்க" என்றார் துறைத் தலைவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

நீ ரயிலில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஒரே மழைதான் மச்சான். உன் ஏரியால முட்டிக்கால் தண்ணி, எங்க தெருவுல ரோடு காஞ்சி கீது. ரெண்டும் ஒண்ணுன்னு எய்தினா, தண்ணில நிக்கிறவன் இன்னா ஆவான்?"

ஞாயிறன்று கோவில்பதாகையில் உன் வீட்டுக்குப் போனேன். அம்மா காலில் புண் இன்னும் ஆறவில்லை. "நீயும் அவனும் பாத்துகினு இருந்த மருந்து கேக்குமா நைனா? கேக்கும்னு சொல்லு, வாங்கிப் போட்டுக்கிறேன்" என்றார். தலைவரிடம் மறுப்பது சுலபம். அம்மாவிடம் என்ன சொல்வது?

"இன்னும் தெரியலைம்மா. டாக்டர் இப்ப போடுற கட்டை விட்டுடாதீங்க."

அவர் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். பிறகு, "தெரியலன்னு சொல்றதுக்குத்தான் ரெண்டு பேரும் இவ்ளோ படிச்சீங்களா?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

இன்று தலைவரிடமும் சொல்லிவிட்டேன். கட்டுரையில் உன் முறைதான் முதலில் வரும். ஆய்வுகள் குறைவு என்பதால் அதுவும் முழு உறுதியில்லை என்று எழுதுவேன். பழைய சூத்திரத்தின் விடையை மறைக்காமல் பின்னிணைப்பில் தருவேன். பூஜ்யம்தான் வேண்டுமென்றால் நம் இருவர் பெயரையும் எடுத்துவிடட்டும்.

புது ஆய்வு வரும்போதெல்லாம் சேர்த்துக் கணக்கிடுவேன் மச்சான். ஞாயிறுதோறும் போய் அம்மாவுக்குக் கட்டு மாற்றிவிடுவேன். விடை தெரிகிற அன்று முதலில் சொல்வது அவரிடம்தான்.

உன் அம்மாவுக்கு மிச்சமிருக்கும் பிள்ளை,
ரவி