துரைராசு லாரிக்குப் பவர் ஸ்டியரிங்

9.1.2025
அப்பாவால் வலது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. அம்மா பிடித்து மாட்டிவிட்டாள். இருபத்திரண்டு வருடம் துரைராசுவின் நெல் லாரியில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய கை. தோள் சவ்வு கிழிந்திருக்கிறது, கனமான ஸ்டியரிங் இனி கூடாது என்கிறார் டாக்டர்.
‘நான் எறங்கிட்டா அந்த வண்டிய எவன்டா ஓட்டுவான்?’ என்று அப்பா சிரிக்கிறார். அதில் பெருமை வேறு.

12.1.2025
துரைராசு வீட்டுக்குப் போனேன். வாசலோடு நிறுத்தித்தான் பேசினார். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். ‘மருதையனுக்கு என்னடா கேடு?’ என்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.
நான் வேலை பார்க்கும் எல்வின் அண்ணன் பட்டறையிலேயே பவர் ஸ்டியரிங் போட்டுவிடலாம் என்றேன். அப்பாவின் கையைச் சொன்னால் ஆள் அசையமாட்டார். அதனால் வியாபாரி மாதிரி பேசினேன். ‘போட்டுட்டா ஒத்த வெரல்ல திரும்பும்ங்க. லைசென்ஸ் எடுத்த மறுநாளே யாரு வேணாலும் ஓட்டலாம்.’
‘அப்படியா?’ என்றார். உடனே சம்மதம்.

20.1.2025
பழைய ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றினோம். ஒரு போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கழற்றுவதற்கு முன்னால் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்த எல்வின் அண்ணன், ‘ஒங்கப்பன் மனுசனாடா, மாடாடா?’ என்றார். பாராட்டுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

22.1.2025
புதுப் பெட்டி, பம்ப், ஆயில் குழாய் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பெட்டியின் சுற்றை நடுவில் நிறுத்தாமல், சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் கீழ் ஆர்மை மாட்டித் தொலைத்தேன். இடப்பக்கம் முழுசாகத் திரும்புகிறது, வலப்பக்கம் பாதிதான். மறுபடி கழற்றி, முனைக்கு முனை எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்தி மாட்டினேன்.
‘அவசரக்குடுக்க’ — எல்வின் அண்ணன்.

23.1.2025
முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஆயில் டப்பாவில் குமிழி அடங்கும்வரை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காற்றெடுத்தோம். பிறகு வண்டியை இறக்கி, அப்பாவை ஏறச் சொன்னேன். இடது கையால் திருப்பினார். நம்பாமல் இறங்கி வந்து சக்கரம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார்.
‘வெண்ண மாதிரி இருக்குடா.’
இருபத்தாறு வயதில் முதல்முறையாக உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன்.

24.1.2025
வண்டி எடுக்கத் துரைராசு வந்தார். கூடவே அவர் மச்சான் மகன் செந்தில்குமார். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்.
சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தது அப்பா. சூடம் கொளுத்தியதும் அப்பா. கதவைத் திறக்கப் போனார் —
‘நீ இரு மருதையா. தம்பி எடுக்கட்டும். ஒனக்கும் கை முடியல. யாரு வேணாலும் ஓட்டலாம்னு ஒன் மகன்தானே சொன்னான்?’
பழங்கள் நசுங்கின. அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. திட்டியிருக்கலாம்.

25.1.2025
‘ஏன்டா அப்புடிச் சொன்ன?’ அம்மா.
வேற எப்புடிம்மா சொல்றது? கை போச்சுன்னு சொன்னா அந்தாளு போட்டிருப்பானா? இருபத்திரண்டு வருசம்... ஒரு வார்த்த, இனிமே வராதன்னு நேரா சொல்றதுக்குக்கூட அந்தாளுக்கு வாயில்ல.
வேறு எவனாலும் திருப்ப முடியாத வண்டி என்பதால்தான் அப்பா அதில் இருந்தார். டிப்ளமோ படித்த எனக்கு இது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தும் ஏன் என்னைப் போட விட்டார்?

11.2.2025
அறுவடை உச்சம். ரோடு முழுக்க நெல் லாரி. அப்பா வாசலுக்கே வருவதில்லை.

3.3.2025
பட்டுக்கோட்டையில் மீரா உசேன் பாயின் தேங்காய் மண்டியில் அப்பாவுக்கு வேலை. பாய் நல்ல மனிதர், வயதைப் பார்த்துப் புது லாரியின் சாவியை நீட்டியிருக்கிறார். பவர் ஸ்டியரிங் வண்டி. அப்பா வேண்டாம் என்று சொல்லி, ஓரமாகக் கிடந்த பழசைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

19.3.2025
அந்தப் பழைய லாரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வாசலில் திருப்பும்போது கை வரவில்லை. நெஞ்சை ஸ்டியரிங்மேல் சாய்த்து உடம்பால் தள்ளினார். இறங்கும்போது சட்டை நனைந்திருந்தது.
நான் ஸ்டியரிங் பெட்டிப் பக்கம் குனிந்தேன்.
‘அதத் தொடாத. பிரேக்க மட்டும் பாரு.’
பிரேக்கை மட்டும் பார்த்தேன்.